தோல் பதித்த பழைய மேசையைப் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்கிலோ ஈட்டியிலோ செய்து, மேல்பலகையின் நடுவில் மெல்லிய பள்ளம் எடுத்து, அதில் பச்சை அல்லது கருஞ்சிவப்புத் தோல் ஒட்டிய எழுதும் மேசைகள் நம் ஊரில் இன்னும் நிறைய இருக்கின்றன. பழைய வக்கீல் வீடுகளிலும் கம்பெனி ஆபீஸ்களிலும் கிடந்தவை இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் கண்ணில் படும். அப்படி ஒன்று கைக்கு வந்தவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

மேலே ஒட்டியிருப்பது தோலா, ரெக்ஸினா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் பின்பக்கத்தைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் ரெக்ஸின். பஞ்சு போல நார் நாராக இருந்தால் தோல். ஓரம் எங்கும் தூக்கவில்லை என்றால் பூதக்கண்ணாடி வைத்து மேற்பரப்பைப் பாருங்கள். தோலில் மயிர்த்துளைகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் கலைந்தும் இருக்கும். ரெக்ஸினில் அச்சு குத்திய மாதிரி ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு துணுக்கை வெட்டித் தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். ரெக்ஸின் என்பது முதலில் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் வணிகப் பெயர். பருத்தித் துணி மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தது. பழைய சரக்கு என்றால் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும்.

தோலும் இல்லை, ரெக்ஸினும் இல்லை, பச்சைக் கம்பளித் துணிதான் ஒட்டியிருக்கிறது என்பவர்களும் உண்டு. அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான். அதை எடுத்துவிட்டுத் தோல் போட்டால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்பளி இருந்த இடத்துக்குக் கம்பளியே சரி.

பழைய தோலை வைத்துக்கொள்வதா, பிய்த்துவிட்டுப் புதிது போடுவதா?

என் கட்சி வைத்துக்கொள்வது. மேசையைப் பழுதுபார்க்கும் கடையில் கொண்டுபோய் இறக்கியதும் "இதெல்லாம் வேலைக்காகாது சார், எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம்" என்று பதில் வரும். சொல்பவருக்கு அது சுலபமான வேலை. தேய்ந்த தோலை நிமிர்த்துவதற்குப் பொறுமை வேண்டும், அதற்குக் கூலி கணக்குப் போடுவதும் கஷ்டம்.

நிறம் மங்கியது, மைக்கறை, கோடு கோடாகக் கீறல், ஓரம் தூக்கியது, சிறு கிழிசல், இவை எதுவுமே தோலை மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. பெரும் பரப்பு உரிந்து போயிருந்தாலோ, எலி கடித்துப் பாதி இல்லாமல் இருந்தாலோ, அடியில் பலகை வளைந்து எப்படியும் பிரித்தாக வேண்டியிருந்தாலோ மாற்றலாம். யாரோ இடைக்காலத்தில் மட்டமான ரெக்ஸின் ஒட்டிவைத்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். எடுக்கும்போது மெதுவாக எடுங்கள், அடியிலேயே பழைய தோல் கிடப்பதும் உண்டு.

எதில் தொடங்குவது, மரத்திலா தோலிலா?

மரத்தில். ஆடும் கால், தளர்ந்த மூட்டு, திறக்காத டிராயர், பூச்சி அரித்த இடம், அப்புறம் பாலிஷ், எல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் தோல். காரணம் எளிது. பாலிஷில் உள்ள ஸ்பிரிட்டும் தின்னரும் தோலின் சாயத்தைக் கரைக்கும், உப்புத்தாளின் தூசி தோலின் துளைகளில் போய் உட்காரும். பழைய தோலை அப்படியே வைத்துக்கொண்டு மரத்தில் வேலை செய்வதாக இருந்தால், தோலை முழுதாகக் காகிதம் போட்டு மூடுங்கள். காகிதத்தை ஒட்டும் டேப் மரத்தின் மேல் இருக்கட்டும், தோலில் ஒட்டினால் பிய்க்கும்போது மேல்தோல் சேர்ந்து வந்துவிடும்.

தோலை எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் ஈரமே வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயில் மெல்லிய துணி கட்டி உறிஞ்சுங்கள். அப்புறம் ஒரு மூலையில் சோதனை: காது குடையும் பஞ்சுக்குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, பிழிந்து, லேசாக உருட்டுங்கள். பஞ்சில் அழுக்கு வந்தால் தொடரலாம். தோலின் நிறமே வந்தாலோ, தொட்ட இடம் கறுத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

சோதனையில் தேறினால், பிழிந்த பருத்தித் துணியால் சிறு சிறு பகுதியாகத் துடைத்து, உடனே உலர் துணியால் ஒற்றி எடுங்கள். துணிச்சோப்பு, பாத்திரச் சோப்பு எதுவும் வேண்டாம். பட்டையில் பதனிட்ட தோல், அதாவது மரப்பட்டை ஊறிய நீரில் போட்டுப் பக்குவம் செய்த தோல், இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. சோப்பின் காரம் அதைக் கெடுக்கும். வெந்நீரும் கூடாது. நல்ல தோலே ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கும். நைந்த தோல் அதற்கு முன்பே சுருங்கும், சுருங்கியது திரும்ப விரியாது.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பு வருமே?

இரண்டு நாளைக்கு வரும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைகிற கொழுப்பு. ஏ.சி. அறையிலோ மார்கழிக் குளிரிலோ தோலின் துளைகளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். தூசியை இழுத்துப் பிடிக்கும், நாளாக நாளாகக் காறல் நாற்றம் அடிக்கும், பூஞ்சைக்கும் தீனி. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான். வெளிநாட்டுப் புத்தகங்கள் சிபாரிசு செய்யும் மாட்டுக்குளம்பு எண்ணெய்கூட தோலைக் கறுக்கவைக்கும்.

செருப்பு, சேணம் போல மேசைத் தோல் மடங்குவதில்லை, அதனால் அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டிய அவசியமே இல்லை. மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். அருங்காட்சியகங்களில் புழங்கும் ரெனெய்சன்ஸ் வாக்ஸ், 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது, இதற்கு நல்லது. கிடைக்காவிட்டால் நிறமில்லாத, தேன்மெழுகு கலந்த கிரீம். விரல் நுனியில் எடுக்கும் அளவுதான், பரவலாகத் தேய்த்து, அரை மணி விட்டுத் துணியால் மெருகேற்றுங்கள். வருடத்துக்கு ஒரு முறை போதும்.

தொட்டால் கையில் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. அழுக்கா?

அழுக்கு இல்லை, தோலே பொடிகிறது. ஆங்கிலத்தில் இதை ரெட் ராட் என்பார்கள். இதில் நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பட்டையில் பதனிட்ட தோல் காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சி, உள்ளேயே கந்தக அமிலமாக மாற்றிக்கொள்கிறது. அந்த அமிலம் நாரை அறுக்கிறது. லண்டனில் அதீனியம் கிளப்பின் தோல் சாமான்கள் கெட்டுப்போனதற்கு அங்கே எரிந்த கேஸ் விளக்குகளே காரணம் என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1843-லேயே சொன்னார். அப்புறம் 1900-களின் தொடக்கத்தில் அங்கே புத்தக பைண்டிங் தோல்களை ஆராய ஒரு குழு போட்டார்கள். அவர்கள் மிக மோசம் என்று ஒதுக்கிய வகைகளில் ஒன்று, சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்டது. பதனிட்டவர்களின் கைத்திறனில் குறை இல்லை. ஆவாரம்பட்டையின் டானின் (தோலைப் பதனிடும் துவர்ப்புப் பொருள்) வகைதான் அமிலத்துக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் பணிந்துபோகும். கடுக்காயின் டானின் வேறு வகை, அது கொஞ்சம் தாங்கும். ஆவாரம்பட்டைக்குப் பிறகு கடுக்காய்த் தண்ணீரில் போட்டு முடிப்பது இங்கே பழைய முறை.

பொடிந்த தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மேலும் பொடியாமல் நிறுத்தலாம். பழைய புத்தக பைண்டிங்கைப் பாதுகாக்கும் வேலையில் க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பொடியை எத்தனாலிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ கரைத்துத் தடவுகிறார்கள். 100 மில்லிக்கு 1 அல்லது 2 கிராம், இரவு ஊறவைத்தால் கூழாகிவிடும். மென்மையான பிரஷ்ஷால் தடவிக் காயவைத்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை. காய்ந்த பிறகு மெழுகு. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் இருக்கக்கூடாது.

முக்கியமானது, இந்த நிலையில் உள்ள தோலில் தண்ணீர் படவே கூடாது. பட்ட இடம் கறுத்துக் கெட்டிப்பட்டுவிடும்.

மைக்கறை, டம்ளர் வளையம், கருப்புப் புள்ளி, எதை எடுக்கலாம்?

மை போகாது. தோலுக்குள் இறங்கிவிட்ட பேனா மையை எடுக்க முயன்றால் சுற்றியுள்ள சாயமும் போய், கறையைவிட அசிங்கமாக ஒரு வெளுத்த வட்டம் நிற்கும். எழுதுகிற மேசையில் மை இருப்பதில் என்ன குறை?

கருப்புப் புள்ளிகள் பெரும்பாலும் இரும்பு. ஈரமான தோல் மேல் துருப்பிடித்த குண்டூசி, பேப்பர் வெயிட், டின் டப்பா கிடந்திருக்கும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. கலம்காரியில் கடுக்காய் நீரில் தோய்த்த துணி மேல், இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கருப்புக் கோடு வரைவது இதே வேதியியல்தான். அந்தத் துணியில் எப்படி வெளுக்காமல் நிற்கிறதோ, தோலிலும் நிற்கும். மரத்தில் இதே கருப்பு விழுந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கொண்டு வெளுக்கலாம். தோலில் அதைப் பூசாதீர்கள்.

டம்ளர் வளையம் தோலில் என்றால் சூடு பட்டுச் சுருங்கியது, நிறத்தைச் சரிசெய்யலாம், பள்ளம் இருக்கத்தான் செய்யும். மர ஓரத்தில் வெள்ளை வளையம் என்றால் பாலிஷுக்குள் ஈரம் சிக்கியது. அது சுலபம்: ஸ்பிரிட்டில் மிக லேசாக நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை தடவினாலே பெரும்பாலும் மறையும்.

மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கிறதே?

மேசையை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் விதை எல்லாம் புத்தக அலமாரிக்குப் போகும். நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் போடாதீர்கள். சுவரை ஒட்டி இருக்கும் மேசையை ஒரு சாண் நகர்த்திப் போட்டாலே பல வீடுகளில் பிரச்சினை பாதியாகும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வருவது அரிது.

ஓரம் தூக்கியிருக்கிறது. ஃபெவிகால் போதுமா?

போதும், கொஞ்சமாக. அடியில் உள்ள பழைய பசைத்தூளை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மரத்தின் மேல் மட்டும் தடவி, தோலை விரலால் படியவைத்து, மெழுகுத்தாள் வைத்து அதன் மேல் கனமான புத்தகம் வையுங்கள். வழிந்ததை உடனே துடையுங்கள்.

கிழிசலுக்கு அடியில் ஒரு மெல்லிய தோல் துண்டையோ பருத்தித் துணியையோ நுழைத்து ஒட்டி, மேலே இரண்டு விளிம்பையும் அதன் மேல் பொருத்துங்கள். சூப்பர் க்ளூ கண்ணாடி போல இறுகிப் பக்கத்தில் இன்னொரு கிழிசலை உண்டாக்கும்.

வெளுத்த இடத்துக்கு ஷூ பாலிஷ் போடலாமா?

போடலாம், உங்கள் வெள்ளைச் சட்டையின் கை முழுக்க அதே நிறம் வரும். தண்ணீரில் கரையும் தோல் சாயத்தை நிறைய நீர்க்கவைத்து, பஞ்சால் பல மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஈரத்தில் இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்து மெழுகு போட்டபின் வேறாக இருக்கும். முழுப் பரப்பையும் ஒரே நிறமாக்க முயல வேண்டாம். கை வைத்துத் தேய்ந்த இடம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும்.

புதிய தோல் என்றால் என்ன கேட்டு வாங்குவது? எங்கே கிடைக்கும்?

பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும் என்று கேளுங்கள். செருப்பு, கைப்பைக்கு இன்று பெரும்பாலும் குரோம் தோல், அதாவது பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பில் பதனிட்டது. வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாக இருந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் பட்டை. ஓரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், பட்டைத் தோல் சீக்கிரம் உறிஞ்சிக் கறுக்கும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் அதில் அழுத்திய கோடு நிற்காது, மேசைப் பள்ளத்தின் விளிம்பில் கூர்மையாகப் படியவும் படியாது. சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளை ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் தொடங்கியதே 1903-ல்தான். ஆகவே அதற்கு முந்திய இந்த ஊர்த் தோல் உங்கள் மேசையில் இருந்தால் அது பட்டைத் தோல்தான்.

சென்னையில் பெரியமேட்டில் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மொத்தமாக வேண்டாம், ஒரு தோல்தான் வேண்டும் என்றாலும் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆவாரம்பட்டைத் தோலுக்குத் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் பழைய பெயர், இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது.

கனம் பள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்தது, பொதுவாக 0.8 முதல் 1 மில்லிமீட்டர். வாங்கும் முன் அளவைப் பாருங்கள். 4 அடிக்கு 2½ அடி என்றால் 10 சதுர அடி, ஓர் ஆட்டுத்தோலில் அது வராது. மாட்டுத்தோல் வேண்டும், அதையும் கனம் குறைத்துச் சீவி வாங்க வேண்டும். பழைய பெரிய மேசைகளில் மூன்று துண்டாகத் தோல் பதித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலை சதுர அடிக்குச் சொல்வார்கள், கால், கழுத்துப் பகுதியின் நெளிவு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கால்வாசி வீணாகும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

பழைய தோலை உரிக்கும்போது கவனிக்க வேண்டியது?

மர விளிம்பு. பள்ளத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய மரச்சட்டம் பல மேசைகளில் தனித்துண்டு, உளி பட்டால் பெயர்ந்துவிடும். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வாருங்கள். பழைய பசை மாவுப் பசையாக இருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால் இளகும். உரித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள், அளவுக்கும், தோலின் ஓரத்தில் அழுத்தியிருக்கும் தங்கக் கோட்டின் மாதிரிக்கும் அதுதான் ஆதாரம்.

எப்படி ஒட்டுவது?

முதலில் பலகை சமமாக இருக்க வேண்டும். ஆணித்துளை, வெடிப்பு எல்லாவற்றையும் மக்கு வைத்து அடைத்து, காய்ந்தபின் 120, அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள். அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே கொப்புளமாகத் தெரியும்.

பழைய மேசைகள் மூலைமட்டத்துக்குச் சரியாக இருப்பதில்லை. நான்கு பக்கமும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

பசைக்கு நான் சொல்வது மைதாப் பசையும் வெள்ளைப் பசையும் (ஃபெவிகால் வகை) பாதிப் பாதி. ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி ஆறவிட்டது. மைதா தோலை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும், வெள்ளைப் பசை பிடிப்பைக் கொடுக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் பைண்டிங்கில் உண்டு, ஆனால் வெளிர்நிறத் தோலில் கறை படியும் வாய்ப்பு இருப்பதால் இதில் தவிர்ப்பது நல்லது. செருப்புக்கடை சொல்யூஷன் வேண்டவே வேண்டாம். வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு நூல் தள்ளினால்கூட அவ்வளவுதான். நாளைக்கு யாராவது மாற்ற நினைத்தால் தோலும் மரமும் சேர்ந்து பிய்யும்.

மரத்தின் மேல் பசையை ஒரே சீராகத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, தோலின் நடுப்பகுதியை முதலில் இறக்குங்கள். உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றை விரட்டுங்கள். இழுக்காதீர்கள். ஈரத்தில் தோல் இழுத்த இழுப்புக்கு வரும், காய்ந்ததும் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும்.

விளிம்பில், பைண்டர்கள் தாள் மடிக்கும் எலும்புத் தகட்டாலோ விரல் நகத்தாலோ பள்ளத்தின் ஓரத்தைக் கோடாக அழுத்துங்கள். பசை பிடித்து, ஆனால் இன்னும் முழுதாகக் காயாத நேரத்தில், புதிய பிளேடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். பாதியில் பிளேடு மழுங்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். வெட்டிய ஓரம் வெளுப்பாகத் தெரியும், மெல்லிய பிரஷ்ஷால் அதே நிறச் சாயம் தொட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும்.

தங்கக் கோடு போட முடியுமா?

வீட்டில் கஷ்டம். சூடாக்கிய பித்தளை உருளையைத் தங்கத் தாள் மேல் ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும். கை நடுங்கினால் கோட்டிலேயே தெரியும், அழிக்க முடியாது. சட்டப் புத்தகங்களுக்குத் தோல் பைண்டிங் செய்து முதுகில் தங்க எழுத்து அடிக்கும் பழைய பைண்டர்களைக் கேளுங்கள், சிலரிடம் உருளை இருக்கும். ஒட்டிய பிறகு மேசையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆகவே அவர் வருவாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தங்கம் இல்லாமல், லேசாக ஈரமாக்கிய தோலில் வெறும் சூட்டுக்கோடு மட்டும் போட்டாலும் அழகுதான். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மர ஓரத்துக்கு மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கலாமா?

முதலில் இருப்பது என்ன என்று பாருங்கள். மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அதன் மேலேயே புதிய அரக்கு பாலிஷ் கொடுக்கலாம், முந்திய பூச்சோடு கரைந்து ஒன்றாகும், சுரண்ட வேண்டியதில்லை. மெலமைன், பி.யூ. இரண்டும் உறுதியானவை, சந்தேகமில்லை. ஆனால் அவற்றைப் போட மரத்தை அடிவரை தேய்ப்பார்கள், நூறு வருட நிறம் தூளாகப் போகும். மிஷின் வைத்து மேல்பலகையைத் தேய்க்க விட்டால் பள்ளத்தின் ஆழமே குறைந்து, பிறகு தோல் மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

மேலே கண்ணாடி போட்டுவிட்டால் பத்திரமாக இருக்குமே?

கண்ணாடிக்கு அடியில் காலண்டர், சாமி படம், பிள்ளைகளின் போட்டோ என்று வைப்பது நம் வழக்கம். தோலுக்கு அது நல்லதல்ல. ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பூக்கும், போட்டோ தோலோடு ஒட்டிக்கொள்ளும், படம் இருந்த இடம் தவிர மற்றதெல்லாம் வெளுக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் மூலைகளில், மர ஓரத்தின் மேல், சிறு ரப்பர் குமிழ்கள் வைத்துக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்துங்கள். லேப்டாப், மவுஸ் வைத்து வேலை செய்பவர்களுக்கு எடுத்து எடுத்து வைக்கக்கூடிய கம்பளி விரிப்பு போதும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

இரண்டு சட்டம் குறுக்கே வரும். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஈட்டி மரம் என்றால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது, முழு மேசைக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படும். பேக்கிங்காரரிடம் பேசும் முன் தொல்லியல் துறையிடமிருந்து இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.